பேருந்துக்கும் ரயிலுக்கும் நிதி கேட்பவர்கள் சறுக்கும் இடங்கள்

ஒரு வட்டாரத்துக்கு நல்ல பொதுப் போக்குவரத்து வேண்டும் என்று குழு சேர்ந்தவர்கள் முதலில் உட்கார்ந்து வரைவது ஒரு வரைபடம். சிவப்புக் கோடு, நீலக் கோடு, நடுவில் பெரிய சந்திப்பு நிலையம். பார்க்க அழகாகத்தான் இருக்கும். ஆனால் அந்தக் கோட்டில் வண்டி ஓட்டப் போகிறவருக்குச் சம்பளம் யார் தருவது? நிலையத்தில் இறங்கி வெளியே வந்தால் எதிரில் என்ன இருக்கும்? இந்த இரண்டு கேள்விக்கும் வரைபடத்தில் இடம் கிடையாது. இத்தகைய இயக்கங்கள் செய்யும் தவறுகளில் பாதிக்கு மேல் இவற்றைத் தள்ளிப்போட்டதால் வருபவை என்பது என் கணிப்பு.

கட்டக் கேட்டுவிட்டு, ஓட்டக் கேட்காமல் விடுவது

போக்குவரத்துப் பணம் இரண்டு பைகளில் வரும். பாதை, பாலம், நிலையம், வண்டி வாங்குவது எல்லாம் மூலதனச் செலவு. ஓட்டுநர் சம்பளம், எரிபொருள், டயர், பழுதுபார்ப்பு, துப்புரவு எல்லாம் இயக்கச் செலவு. முதல் பையில் திறப்பு விழாவும் கல்வெட்டும் உண்டு என்பதால் அரசியல்வாதிகளுக்கு அதன் மேல்தான் பிரியம். இரண்டாவது பையைத் திறக்க வைப்பதுதான் நம் வேலை. நாமும் போய் முதல் பையையே கேட்டுக்கொண்டு நிற்போம்.

அமெரிக்காவில் இந்தப் பாகுபாடு சட்டத்திலேயே இருக்கிறது. 2 லட்சத்துக்கு மேல் மக்கள்தொகை உள்ள நகர்ப்பகுதிகள் மத்திய அரசின் வழக்கமான போக்குவரத்து மானியத்தை ஓட்டும் செலவுக்குப் பொதுவாகப் பயன்படுத்த முடியாது. 1998-ல் வந்த சட்டத்திலிருந்து இதுதான் நிலை. சில விதிவிலக்குகள் மட்டும் உண்டு. புதிய ரயில் பெட்டி வாங்க மானியம் கிடைக்கும், அதை ஓட்ட ஆள் வைக்க உள்ளூர் வரியைத்தான் தேட வேண்டும். பிரான்ஸ் வேறு வழியில் போனது. 1971-ல் பாரிஸ் பகுதியில் ஒரு வரி வந்தது, 1973-ல் மற்ற பெரிய நகரங்களுக்கும் பரவியது. இப்போது 11 பேருக்குக் குறையாமல் வேலைக்கு வைத்திருக்கும் நிறுவனங்கள், தாங்கள் தரும் மொத்தச் சம்பளத்தில் ஒரு பங்கைப் பொதுப் போக்குவரத்துக்கென்று கட்டுகின்றன. அந்தப் பணத்தில் கட்டவும் செய்யலாம், ஓட்டவும் செய்யலாம். ஆண்டுதோறும் பட்ஜெட் வாசலில் போய் நிற்க வேண்டியதில்லை.

இதை மக்களுக்குப் புரியவைக்க ஒரு சின்னக் கணக்கு போதும். ஒரு தடத்தில் போய்த் திரும்ப 60 நிமிடம் ஆகிறது என்று வைத்துக்கொள்வோம். 20 நிமிடத்துக்கு ஒரு பேருந்து விட 3 வண்டி வேண்டும். 10 நிமிடத்துக்கு ஒன்று என்றால் 6 வண்டி, ஓட்டுநர்களும் இரண்டு மடங்கு. சரி, நெரிசல் கூடி அதே தடத்துக்கு 80 நிமிடம் ஆனால்? 10 நிமிட இடைவெளியைக் காப்பாற்றவே 8 வண்டி வேண்டும். இரண்டு வண்டிக்கான செலவு கூடும், பயணிக்கோ முன்பைவிட மெதுவான பயணம்தான் கிடைக்கும். ஆக, பேருந்துக்குத் தனிப்பாதை கேட்பதும் நிதி கேட்பதுதான். நிதிநிலைக் குழுவின் முன் இந்தக் கணக்கைப் போட்டுக்காட்டுகிறவர்கள் அபூர்வம். சாலைக் கூட்டத்தில் மட்டும் தனிப்பாதையைப் பற்றிப் பேசிவிட்டு வந்துவிடுகிறோம்.

இருப்பதை மறந்துவிட்டுப் புதியதன் பின்னால் ஓடுவது

சுவிட்சர்லாந்தின் சூரிக் நகர மக்களின் வாக்குகள் இந்த விஷயத்தில் நல்ல பாடம். 1973-ல் சுரங்க ரயில் திட்டத்தை அவர்கள் நிராகரித்தார்கள். அதோடு கதை முடிந்திருந்தால், பொதுப் போக்குவரத்தை வேண்டாம் என்ற நகரம் என்று எழுதியிருப்போம். 1977-ல் அதே மக்கள், ஏற்கெனவே ஓடிக்கொண்டிருந்த டிராமையும் பேருந்தையும் வேகப்படுத்த 20 கோடி பிராங்க் ஒதுக்கும் முன்மொழிவை ஏற்றார்கள். சிக்னலில் டிராமுக்கு முன்னுரிமை, தனிப்பாதை என்று பல சில்லறை வேலைகள். அப்புறம் 1981-ல் புறநகர் ரயிலுக்கும் சம்மதம் கிடைத்தது. 1990-ல் அது ஓடத் தொடங்கியது. தினமும் ஏறும் வண்டி நன்றாக ஓடுவதைப் பார்த்த வாக்காளர்தான் அடுத்த பெரிய தொகைக்குக் கை தூக்குவார் என்று நான் நினைக்கிறேன்.

லாஸ் ஏஞ்சலஸில் இந்தச் சண்டை நீதிமன்றம் வரை போனது. ரயிலுக்குப் பணம் கொட்டிக்கொண்டே பேருந்துக் கட்டணத்தை ஏற்றுகிறார்கள், பாதிக்கப்படுவது ஏழைகளும் சிறுபான்மையினரும்தான் என்று 1994-ல் பேருந்துப் பயணிகள் சங்கம் வழக்குப் போட்டது. பேருந்து நெரிசலைக் குறைக்கப் போக்குவரத்து அமைப்பு 1996-ல் நீதிமன்றத்தின் மூலம் உடன்பட வேண்டியதாயிற்று. ரயில் ஆதரவாளர்களும் பேருந்துப் பயணிகளும் எதிரெதிர்க் கட்சியாக நிற்பதைவிட எதிராளிக்கு வசதியான காட்சி வேறில்லை. பேருந்தில் போகிறவர் ஒருவராவது உங்கள் குழுவின் முடிவெடுக்கும் இடத்தில் இருக்கிறாரா? பல குழுக்களில் அந்த நாற்காலி காலியாகத்தான் இருக்கும்.

நிலத்தைப் பற்றிப் பேசாமல் இருப்பது

எனக்கு மிகவும் எரிச்சலூட்டும் தவறு இதுதான். நிலையம் கேட்டுப் பத்து ஆண்டு போராடுவார்கள். கிடைத்ததும், சுற்றிலும் என்ன கட்டலாம் என்பதை வேறு துறையின் வேலை என்று விட்டுவிடுவார்கள். பொதுவாக என்ன வரும்? ஒரு பெரிய பார்க்கிங் மைதானம். வெயிலில் அதைக் கடந்து நடக்க யாருக்கும் மனம் வராது.

வாஷிங்டனுக்கு எதிரே, பொடோமாக் ஆற்றின் மறுகரையில் இருக்கும் ஆர்லிங்டன் மாவட்டம் இதை முன்பே யோசித்தது. மெட்ரோ பாதையை ஐ-66 நெடுஞ்சாலையின் நடுவில் போட்டிருந்தால் செலவு குறைந்திருக்கும். களையிழந்துகொண்டிருந்த பழைய கடைவீதிக்கு அடியில்தான் பாதை வர வேண்டும் என்று மாவட்டம் வாதாடி வாங்கியது. அதோடு நிற்காமல், நிலையத்தை ஒட்டி உயரமான கட்டடங்கள், தள்ளிப் போகப்போக உயரம் குறைந்து பழைய தனிவீட்டுத் தெருக்களில் கலக்க வேண்டும் என்று நில விதியையும் மாற்றியது. ரோஸ்லின் முதல் பால்ஸ்டன் வரை 5 நிலையங்கள். 1979-ல் பாதை முழுமையாகத் திறந்தது. தனிவீட்டுக்காரர்களின் தெரு அப்படியே இருக்கும் என்று முதலிலேயே எழுதிக் கொடுத்ததால்தான் உயரக் கட்டடங்களுக்கு எதிர்ப்பு அடங்கியது. நெடுஞ்சாலை நடுவில் நிலையம் வந்திருந்தால், இறங்குகிறவருக்கு இரு பக்கமும் கார்கள்தான்.

பார்க்கிங் விதியும் இதில் சேரும். ஒவ்வொரு கட்டடமும் இத்தனை காருக்கு இடம் விட்டே ஆக வேண்டும் என்ற விதி இருக்கும்வரை, நிலையத்தின் அருகிலும் நிலத்தைக் கார்தான் தின்னும். அமெரிக்காவின் பஃபலோ 2017-ல் அந்தக் கட்டாயத்தை நகரம் முழுக்க நீக்கியது. அதே ஆண்டு மெக்சிகோ நகரம் 'இத்தனைக்குக் குறையக் கூடாது' என்பதை 'இத்தனைக்கு மேல் போகக் கூடாது' என்று திருப்பிப் போட்டது. ஒரு விதியைத் திருத்தப் பட்ஜெட் பணம் தேவையில்லை. இருந்தும் கோரிக்கைப் பட்டியலில் இது கடைசி வரியாகக்கூட வருவதில்லை.

இன்னொன்று, வாடகைக்குக் குடியிருப்பவர்கள். நிலையம் வரும் என்ற பேச்சு கிளம்பியதுமே நில விலை ஏறும், பின்னாலேயே வாடகையும் ஏறும். பேருந்தை நம்பி வாழ்கிறவரே அங்கிருந்து கிளம்ப வேண்டிவரும். விலை ஏறுவதற்கு முன்பே பொது அமைப்பு நிலத்தை வாங்கி வைப்பது, குறைந்த வாடகை வீடுகளுக்கு ஒரு பங்கை ஒதுக்குவது போன்றவற்றை முதல் மனுவிலேயே கேளுங்கள். பாதை திறந்த பிறகு கேட்டால் வாங்க நிலமே மிஞ்சியிருக்காது.

நம்பிக்கை இல்லாத இடத்தில் வாக்குக் கேட்பது

2015-ல் கனடாவின் வான்கூவர் வட்டாரத்தில், பொதுப் போக்குவரத்துத் திட்டம் ஒன்றுக்காக விற்பனை வரியை அரை சதவீதம் கூட்டலாமா என்று மக்களிடம் கேட்டார்கள். சுமார் 62 சதவீதம் பேர் கூடாது என்றார்கள். எதிர்த்தவர்களின் பிரசாரம் திட்டத்தைவிடப் போக்குவரத்து நிறுவனத்தின் நிர்வாகச் செலவுகளையே சுற்றிச்சுற்றி வந்தது. ஆதரவாளர்கள் எதிர்காலத்தைப் பேசினார்கள்; கேட்டவர்கள் மனதில் இருந்தது நிகழ்காலக் குறைகள். வரி கேட்கும் முன் நிறுவனத்தைப் பற்றிய புகார்களை நாமே முன்வந்து எடுத்துப் பேச வேண்டும். நம் பக்கத்து ஆள் என்று பூசி மெழுகினால் மாட்டிக்கொள்வது நாம்தான்.

வரிசையும் முக்கியம். ஸ்டாக்ஹோமில், நகர மையத்துக்குக் காரில் போய்வர வாங்கும் நெரிசல் கட்டணம் 2006 ஜனவரி முதல் ஜூலை வரை சோதனையாக ஓடியது. அதற்கு முன்பே, 2005 ஆகஸ்டில், கூடுதல் பேருந்துகள் வந்துவிட்டன. கட்டண எல்லையைக் கடக்கும் வண்டிகள் சுமார் 20 சதவீதம் குறைந்தன. தொடக்கத்தில் எதிர்த்த நகரத்தில், செப்டம்பர் வாக்கெடுப்பில் பாதிக்குச் சற்று மேற்பட்டவர்கள் ஆம் என்றார்கள். 2007-ல் கட்டணம் நிரந்தரமானது. முதலில் கட்டணம், பேருந்து பிறகு என்று போயிருந்தால் என்ன ஆகியிருக்கும் என்று ஊகிப்பது சிரமமில்லை.

தோற்றால் கலைந்துவிடுவதும் தவறுதான். லாஸ் ஏஞ்சலஸ் மாவட்டத்தில் பொதுப் போக்குவரத்துக்கான விற்பனை வரிக்கு மூன்றில் இரண்டு பங்கு வாக்கு தேவைப்பட்டது. 2008-ல் அரை சதவீத வரி 67.9 சதவீதத்தோடு தேறியது. அதை நீட்டிக்க 2012-ல் கேட்டபோது கிடைத்தது 66.1, நூலிழையில் தோல்வி. 2016-ல் இன்னும் பெரிதாக, முடிவு தேதியே இல்லாத வரியாகக் கேட்டார்கள். 71 சதவீதம் கிடைத்தது.

எதிராளியின் அளவுகோலில் அளந்து பேசுவது

சந்திப்பில் கார்கள் எத்தனை நொடி காத்திருக்கின்றன என்பதுதான் பல இடங்களில் போக்குவரத்து ஆய்வின் அளவுகோல். அப்படி அளந்தால் பேருந்துத் தனிப்பாதை எப்போதும் குற்றவாளிதான். கலிபோர்னியா 2013-ல் சட்டம் போட்டு, சூழல் ஆய்வுகளில் இதற்குப் பதிலாக மக்கள் மொத்தம் எவ்வளவு தூரம் காரில் ஓட வேண்டியிருக்கிறது என்று பார்க்கும் வழியைத் திறந்தது. 2020 ஜூலையில் அது மாநிலம் முழுக்கக் கட்டாயமானது. தாமதத்தைப் பற்றி ஆயிரம் பக்கம் வாதாடுவதைவிட அளவுகோலை மாற்றக் கேட்பது லாபம்.

கடைசியாக, தாமதமாக வந்து சேர்வது. கருத்துக்கேட்புக் கூட்டத்தில் மைக் கிடைக்கும்போது பாதை, நிலம், பணம் மூன்றும் பெரும்பாலும் முடிவாகியிருக்கும். அமெரிக்க வட்டாரத் திட்ட அமைப்புகள் குறைந்தது 20 ஆண்டுக்கு ஒரு நீண்டகாலத் திட்டமும், குறைந்தது 4 ஆண்டுக்கு ஒரு பணிப் பட்டியலும் போடுகின்றன. அந்தப் பட்டியலில் இல்லாத வேலைக்கு மத்திய அரசுப் பணம் வராது. மற்ற நாடுகளிலும் பெயர் மாறும், இப்படி ஒரு சலிப்பூட்டும் ஆவணம் எங்காவது இருக்கும். அடுத்த திருத்தம் எந்த மாதம், அதை முடிவு செய்யும் குழுவில் எந்த ஊருக்கு எத்தனை வாக்கு என்று உங்கள் குழுவில் ஒருவருக்காவது தெரிந்திருக்க வேண்டும். வரைபடத்தை அதற்கு அப்புறம் வரைந்துகொள்ளலாம்.