கப்பலுக்கும் விமானத்துக்கும் போகும் பிள்ளைகள் காம்பஸ் விஷயத்தில் தவிர்க்க வேண்டிய தவறுகள்

சிலாங்கூரில் பந்திங்கைச் சுற்றியுள்ள தோட்டங்களில் வளரும் பிள்ளைகளுக்கு ஒரு பக்கம் கிள்ளான் துறைமுகம், இன்னொரு பக்கம் கேஎல்ஐஏ என்ற கோலாலம்பூர் அனைத்துலக விமான நிலையம். செம்பனைக்கு மேலே விமானம் தாழ்ந்து வருவதைப் பார்த்தே வளர்கிறார்கள். அவர்களில் சிலர் கப்பலுக்கும் விமானப் பராமரிப்புக்கும் வேலைக்குப் போகிறார்கள். இன்னும் நிறையப் பேர் போக வேண்டும் என்பது என் ஆசை. போகும் முன் பூமியின் காந்தப் புலத்தைப் பற்றிய சில தப்பான எண்ணங்களை இங்கேயே விட்டுவிட வேண்டும்.

காம்பஸ் முள் காட்டுவதே உண்மையான வடக்கு என்று நம்புவதுதான் முதல் தவறு. நம் ஊரில் இந்த நம்பிக்கை சுலபமாக வேர்விடும். ஏனென்றால் தீபகற்ப மலேசியாவில் முள் காட்டும் காந்த வடக்குக்கும் வடதுருவம் இருக்கும் உண்மை வடக்குக்கும் ஒரு டிகிரிகூட வித்தியாசம் இல்லை. சாரணர் முகாமில் வரைபடமும் காம்பஸும் அழகாக ஒத்துப்போகும். அதே காம்பஸ் தென்னாப்பிரிக்காவின் கேப்டவுனில் சுமார் 25 டிகிரி மேற்கே தள்ளிக் காட்டும். நியூசிலாந்தின் ஆக்லாந்தில் ஏறக்குறைய 20 டிகிரி கிழக்கே. ஒரு டிகிரி பிசகினாலே 60 கடல்மைல் ஓடிய கப்பல் ஒரு கடல்மைல் விலகிப் போயிருக்கும். 25 டிகிரி என்றால் கணக்குப் போட்டுப் பாருங்கள்.

இந்த வித்தியாசத்தை மாலுமிகள் வேரியேஷன் என்கிறார்கள். கடல் வரைபடத்தின் திசைவட்டத்தில் அது அச்சாகியிருக்கும். எந்த ஆண்டின் கணக்கு, ஆண்டுக்கு எவ்வளவு மாறும் என்பதும் கூடவே இருக்கும். அந்த ஆண்டைப் பார்க்காமல் விடுவது அடுத்த தவறு. 1831-இல் ஜேம்ஸ் கிளார்க் ராஸ் கனடாவின் வடகோடியில் கண்டறிந்த காந்த வடமுனை, அங்கிருந்து கிளம்பி சைபீரியாப் பக்கம் நகர்ந்துகொண்டிருக்கிறது. எந்த இடத்தில் எவ்வளவு வேரியேஷன் என்று கணக்கிட உதவும் உலகக் காந்த மாதிரியை 5 ஆண்டுக்கு ஒருமுறை புதுப்பிப்பார்கள். 2019-இல் அதுவரை பொறுக்க முடியாமல் நடுவிலேயே திருத்தம் வந்தது. ஓடுபாதை எண்களும் காந்தத் திசையை வைத்தே, அதன் டிகிரியைப் பத்தால் வகுத்து இடப்படுகின்றன. அதனால்தான் லண்டனின் ஸ்டான்ஸ்டெட் விமான நிலையம் 2009-இல் 05/23 என்ற எண்ணை 04/22 என்று மாற்றியது.

பயிற்சிக்குப் போகிறவர்கள் அதிகம் குழம்புவது வேரியேஷனையும் டீவியேஷனையும் ஒன்றாக நினைப்பதில்தான். வேரியேஷன் இடத்தைப் பொறுத்தது. டீவியேஷன் அந்தக் கப்பலின், அந்த விமானத்தின் சொந்தக் குறை. ஒட்டுக்கடை மேசையில் ஒரு காம்பஸை வைத்து, பாராங் கத்தியை மெல்லப் பக்கத்தில் கொண்டுபோங்கள். ஒரு சாண் தூரத்தில் முள் லேசாக நடுங்கும், இன்னும் நெருங்கினால் திரும்பும். கத்தியைக் காம்பஸின் மறுபக்கம் கொண்டுபோனால் பிசகும் மாறும். கப்பல் முழுக்க எஃகு, அதுவும் திசை மாறிக்கொண்டே போகிறது. ஆகவே வடக்கே போகும்போது உள்ள பிசகு கிழக்கே போகும்போது இருக்காது. இதற்காகவே கப்பலை எல்லாத் திசைக்கும் திருப்பிப் பார்த்து ஒரு டீவியேஷன் அட்டை எழுதுகிறார்கள். காம்பஸ் பீடத்தின் இருபுறமும் இரண்டு இரும்புக் குண்டுகள் இருக்கும். அவை பிசகைக் குறைக்க வைத்தவை, அலங்காரம் அல்ல. விமானத்திலும் எஞ்சின் மாற்றினால் காம்பஸைத் திரும்பச் சரிபார்ப்பது வழக்கம். கைப்பேசியைக் காம்பஸ் பக்கத்தில் வைக்கும் பழக்கம் இருந்தால் இன்றே விட்டுவிடுங்கள்.

காந்தப் புலம் கப்பலை இழுத்துக் கவிழ்க்கும் என்ற கதையையும் நம்ப வேண்டாம். குளிர்பெட்டிக் கதவில் ஒட்டும் காந்தம்கூட அதைவிடப் பல மடங்கு வலுவானது.

சரி, ஜிபிஎஸ் இருக்கும்போது இதெல்லாம் எதற்கு? ஜிபிஎஸ் நீங்கள் இருக்கும் இடத்தைச் சொல்லும். நின்றுகொண்டிருக்கும் கப்பலின் மூக்கு எந்தப் பக்கம் என்பதைச் சாதாரண ஜிபிஎஸ் சொல்லாது. அப்புறம், அதன் சமிக்ஞை வரும் வழியில் அயனி மண்டலம் என்ற, மின்னேற்றத் துகள்கள் நிறைந்த மேல் வளிமண்டல அடுக்கு இருக்கிறது. அதன் நடத்தையைப் பூமியின் காந்தப் புலமும் தீர்மானிக்கிறது. மலேசியா காந்த நடுக்கோட்டுக்கு அருகில் இருப்பதால், சூரியன் மறைந்த பிறகு சில இரவுகளில் இங்கே சமிக்ஞை தடுமாறும். காந்தக் காம்பஸுக்கு மின்சாரமே தேவையில்லை. அதனால் கப்பல்களில் அது இன்றும் கட்டாயம். பொறுப்பான அதிகாரி ஒவ்வொரு வாட்ச்சிலும், அதாவது ஒவ்வொரு பணிமுறையிலும், அதைக் காந்தம் இல்லாமல் மின்சாரத்தில் சுழன்று வடக்கைக் காட்டும் கைரோ காம்பஸோடு ஒப்பிட்டுப் பதிவேட்டில் எழுதுவார். வாய்ப்பிருந்தால் சூரியன் உதிக்கும் திசையை அளந்தும் சரிபார்ப்பார். பயிற்சியின் முதல் வாரத்திலேயே அந்தக் கணக்கைக் கேட்டுக் கற்றுக்கொள்ளுங்கள்.