விழுந்தவரை உடனே எழுப்பி நிறுத்தாதீர்கள்: மலையக மைதானங்களில் முதலுதவிக்கு நிற்பவர்களுக்கு

இலங்கையின் மலையகத்து வைத்தியசாலை ஒன்றின் அவசர சிகிச்சைப் பிரிவில் தாதியாக வேலை செய்கிறேன். தை பிறந்தால் இல்ல விளையாட்டுப் போட்டிக் காலம். "மிஸ், எங்கள் பாடசாலைக்கும் ஒருநாள் வந்து நிற்பீர்களா?" என்று ஆசிரியர்கள் கேட்பார்கள். இரவுக் கடமையை முடித்துக்கொண்டு நேரே மைதானத்துக்குப் போன நாட்களும் உண்டு. ஆனாலும் எல்லா இடத்துக்கும் என்னால் போக முடியாது. ஆசிரியர்களும் மேல்வகுப்புப் பிள்ளைகளும் இந்த வேலையைத் தாங்களே பழகிக்கொள்ள வேண்டும் என்பதற்காகவே இதை எழுதுகிறேன்.

முதலில் என் மனதைவிட்டு அகலாத ஒன்றைச் சொல்கிறேன். ஒருநாள் பகல் பதினொரு மணியளவில் தோட்டத்து லொறி ஒன்று எங்கள் வாசலில் வந்து நின்றது. குளவி கொட்டிய ஐந்து பெண்கள். நான்கு பேரைத் தாங்கி இறக்கினோம். ஐந்தாவது அக்கா தானாகவே இறங்கினார். கொழுந்து பறிக்க இடுப்பில் கட்டிய படங்கைக்கூட அவிழ்த்திருக்கவில்லை. "எனக்கு ஒன்றுமில்லை மிஸ், அவர்களைப் பாருங்கள்" என்றார். குரல் மட்டும் கரகரத்தது. பத்தடி நடந்திருப்பார். வாசற்படியில் கால் வைத்ததும் சரிந்து விழுந்தார். நாடி கைக்கு அகப்படவில்லை. அங்கேயே தரையில் படுக்கவைத்து, கால்களை வாங்கின் மேல் தூக்கிவைத்து, தொடையின் வெளிப்பக்கத் தசையில் அட்ரினலின் அரை மில்லிகிராம் ஏற்றினோம். ஐந்து நிமிடத்தில் இன்னொரு தடவை. சேலைன் ஓடிக்கொண்டிருந்தபோது கண் திறந்தார். "இன்றைக்கு அரைப் பெயராவது போடுவார்களா மிஸ்?" என்பதுதான் அவர் கேட்ட முதல் கேள்வி. பெயர் போடுவது என்றால் அன்றைய நாட்கூலிக்குப் பதிவது.

கடுமையான ஒவ்வாமையில் இரத்தக் குழாய்கள் தளர்ந்து விரிந்துவிடும். படுத்திருக்கும் வரை எப்படியோ இதயத்துக்கு இரத்தம் திரும்பிக்கொண்டிருக்கும். எழுந்து நின்றால் இரத்தம் கால்களில் தேங்கி, இதயத்துக்குத் திரும்புவது குறைந்துவிடும். அந்த அக்காவை வீழ்த்தியது குளவி மட்டுமல்ல, அந்தப் பத்தடி நடையும்தான்.

எங்கள் ஊர்களில் யாராவது விழுந்தால் பத்துக் கைகள் ஓடிவந்து தூக்கி நிறுத்தும். அன்பினால்தான். ஆனால் முதலுதவிக்கு நிற்பவர் முதலில் தடுக்க வேண்டியது அந்தக் கைகளைத்தான்.

போட்டிக்கு முதல்நாள் மைதானத்தை நடந்து பாருங்கள். மரக்கிளைகளிலும் மண் திட்டுகளிலும் குளவிக்கூடு இருக்கிறதா, தேயிலைக்குள் போன பந்தை எடுக்கப் பிள்ளைகள் எந்தப் பக்கமாக இறங்குவார்கள், அம்புலன்ஸ் எந்த வளைவு வரை வரும், வாயில் சாவி யாரிடம் இருக்கிறது என்பதையெல்லாம் அறிந்துவையுங்கள். 1990 என்ற எண்ணில் அழைக்கும் சுவசெரிய அம்புலன்ஸ் 2016 இல் இந்திய நிதியுதவியோடு தொடங்கியது. இன்று மலைநாட்டிலும் இலவசமாக வருகிறது. ஆனால் எங்கள் தோட்டங்களுக்கு நாம் வாயால் சொல்லும் தமிழ்ப் பெயர் ஒன்று, பெயர்ப்பலகையில் உள்ள பெயர் வேறொன்று. பதற்றத்தில் தமிழ்ப் பெயரை மட்டும் சொன்னால் சாரதி எங்கே தேடுவார்? இரண்டு பெயர்களையும், மேற்பிரிவா கீழ்ப்பிரிவா என்பதையும், பிரதான வீதியில் திரும்பவேண்டிய சந்தியையும் ஓர் அட்டையில் எழுதி ஒலிபெருக்கி மேசையில் ஒட்டிவையுங்கள். அழைத்தவுடன் ஒரு மாணவனைச் சந்திக்கு அனுப்புங்கள். தொலைபேசிச் சமிக்ஞை எந்த மூலையில் கிடைக்கிறது என்றும் முன்கூட்டியே பார்த்துவைக்க வேண்டும். மூடுபனி நாளில் அதைத் தேடிக்கொண்டிருக்க முடியாது.

இனி, ஒரு பிள்ளை விழுந்துவிட்டது. ஓடுங்கள், ஆனால் அதன் முகம் பார்க்கும் பக்கமாகப் போங்கள். பின்னாலிருந்து பெயர் சொல்லிக் கூப்பிட்டால் தலையைத் திருப்பும். கழுத்தில் அடிபட்டிருந்தால் அதுவே கேடு. முழங்காலிட்டு, இரு கைகளாலும் தலையை இருந்தபடியே பிடித்துக்கொண்டு, "அசையாமல் இரு மகன், நான் பக்கத்தில்தான் இருக்கிறேன்" என்று சொல்லுங்கள். பிறகு கேளுங்கள். கழுத்து வலிக்கிறதா? கை கால் விறைக்கிறதா? விரல்களை அசைக்க முடிகிறதா? ஒன்றிலாவது சந்தேகம் இருந்தால் அம்புலன்ஸ் வரும்வரை உங்கள் கைகள் தலையைவிட்டு விலகக்கூடாது. போட்டி நின்றுபோகட்டும். புல் ஈரமாக இருக்கும், பிள்ளை குளிரில் நடுங்கும். மேலே கம்பளி போர்த்துங்கள்.

பேச்சுமூச்சில்லாமல் கிடந்தால் பத்து விநாடிக்குள் மூச்சைப் பாருங்கள். இடைவெளிவிட்டு வாயைத் திறந்து திணறுவது மூச்சல்ல. இதயம் நின்ற முதற்கணங்களில் வலிப்புப்போல உடல் துடிக்கவும் கூடும். மூச்சில்லை என்றால் மல்லாக்கப் படுக்கவைத்து மார்பின் நடுவே அழுத்தத் தொடங்குங்கள். கழுத்தைப் பற்றிய பயத்தில் இதைத் தள்ளிப்போடக்கூடாது. பெரிய பிள்ளைகளுக்கு ஐந்து முதல் ஆறு சென்ரிமீற்றர் ஆழம், நிமிடத்துக்கு 100 முதல் 120 தடவை. முப்பது அழுத்தத்துக்கு இரண்டு மூச்சு. மூச்சுக் கொடுக்கப் பழகாதவர் அழுத்திக்கொண்டே இருந்தால் போதும். இரண்டு நிமிடத்துக்கு ஒருமுறை ஆள் மாறுங்கள்.

இந்த வேகம் படித்து வராது. பயிற்சிப் பொம்மை இல்லாத ஒரு பாடசாலையில் இறுகச் சுருட்டிய கம்பளியைத் தரையில் வைத்துப் பழக்கினேன். பிள்ளைகள் முதலில் வேகமாகத் தொடங்கி, பிறகு தளர்ந்துபோனார்கள். தப்புப் பறை அடிக்கும் மாணவன் ஒருவன் இருந்தான். கடிகாரத்தைப் பார்த்து, 15 விநாடிக்கு 25 முதல் 30 அடி விழும்படி அவனை அடிக்கச் சொன்னோம். அந்தத் தாளத்துக்கு எல்லாக் கைகளும் ஒழுங்குக்கு வந்தன. முழங்கையை மடக்காதே, தோள் கைக்கு நேர் மேலே இருக்கட்டும், ஒவ்வோர் அழுத்தத்துக்குப் பிறகும் மார்பை முழுவதாக எழவிடு: இந்த மூன்றையும் சொல்லிச் சொல்லி ஒரு பிற்பகலில் பழக்கிவிட்டோம்.

குளவிக்கு மட்டும் முதற்படி வேறு. கூட்டமாகத் துரத்தும்போது படுக்கவைக்காதீர்கள். முகத்தை மூடிக்கொண்டு கட்டடத்துக்குள் ஓடுங்கள். அதன் பிறகுதான் படுக்கை. உடம்பில் தடிப்பு, குரல் கரகரப்பு, இழுப்பு, வாந்தி, மயக்கம் ஆகியவற்றில் ஏதாவது தெரிந்தால் கால்களை உயர்த்திப் படுக்கவைத்து 1990 ஐ அழையுங்கள். மூச்சுத் திணறினால் சாய்ந்து உட்காரலாம், கால்கள் நீட்டியே இருக்கட்டும். வாகனத்துக்கு நடத்திக் கூட்டிச்செல்லவே கூடாது. கம்பளியில் கிடத்தி நான்கு பேர் தூக்குங்கள்.

கணுக்கால் சுளுக்குத்தான் அதிகம் வரும். கனடாவின் ஒட்டாவாவில் வகுத்த விதி ஒன்று எங்களுக்கு மிகவும் உதவுகிறது. கணுக்காலின் இரு பக்க எலும்பு முனைகளையும் அவற்றின் பின்விளிம்பில் ஆறு சென்ரிமீற்றர் வரையும், பாதத்தின் வெளிப்பக்க நடுவில் துருத்தும் எலும்பையும், உட்பக்க நடுவில் உள்ள எலும்பையும் ஒரு விரலால் அழுத்திப் பாருங்கள். எலும்பில் வலி இருந்தால் எக்ஸ்ரே எடுக்க அனுப்புங்கள், நடக்கவைத்துப் பார்க்க வேண்டியதில்லை. வலி இல்லையென்றால் மட்டும் நான்கு காலடி எடுத்துவைத்து நடக்க முடிகிறதா என்று பாருங்கள். முடியாவிட்டாலும் எக்ஸ்ரே வேண்டும். ஐஸ் கிடைக்காவிட்டால் மலை ஊற்றிலிருந்து விழும் பீலித் தண்ணீரில் நனைத்த துணியை இருபது நிமிடம் சுற்றுங்கள். தைலம் போட்டு அழுத்தித் தேய்க்க வேண்டாம்.

தலையில் அடிபட்ட பிள்ளைதான் எனக்கு மிகுந்த கவலை. "இப்போது என்ன போட்டி நடக்கிறது? எந்த இல்லம் முன்னால் நிற்கிறது?" என்று கேளுங்கள். பதில் தடுமாறினாலோ, தலைவலி, தலைச்சுற்று, மங்கலான பார்வை என்று சொன்னாலோ அன்றைக்கு அந்தப் பிள்ளைக்கு விளையாட்டு முடிந்தது. அஞ்சலோட்டத்தின் கடைசி ஓட்டக்காரனாக இருந்தாலும் சரி, இல்லத் தலைவர் கெஞ்சினாலும் சரி, விடாதீர்கள். திரும்பத் திரும்ப வாந்தி, கூடிக்கொண்டே போகும் தலைவலி, எழுப்ப முடியாத தூக்கம், வலிப்பு, காதிலோ மூக்கிலோ நீர் வடிதல் என்றால் உடனே வைத்தியசாலை.

வீட்டுக்கு அனுப்பும்போது இந்த அறிகுறிகளைத் தமிழில் எழுதிக் கொடுங்கள். அம்மா காலையில் கொழுந்து பறிக்க மலைக்குப் போய்விடுவார். கடிதம் லயத்தில், அதாவது தோட்டத்து வரிசை வீட்டில், பாட்டியிடமோ பக்கத்து வீட்டு அக்காவிடமோ இருக்க வேண்டும். வாசிக்கத் தெரியாதவராக இருந்தால் வாசித்துக் காட்டி, அவர் வாயாலேயே திருப்பிச் சொல்லவையுங்கள். மறுநாள் பிள்ளை பாடசாலைக்கு வரவில்லையென்றால் யாராவது ஓர் ஆசிரியர் லயத்துக்கு நடந்துபோய்ப் பார்த்துவர வேண்டும். அந்த ஆசிரியர் யார் என்பதைப் போட்டிக்கு முதல்நாளே முடிவுசெய்யுங்கள்.