புற்றுநோய் இம்யூனோதெரபி ஆய்வாளர் ஆவது எப்படி: எம்.எஸ்சி. முதல் சொந்த லேப் வரை

உடலின் எதிர்ப்பு சக்தியைக் கொண்டே புற்றுநோயைத் தாக்கும் சிகிச்சைதான் இம்யூனோதெரபி. அதில் ஆய்வாளர் ஆக, முதலில் வருடக் கணக்கு. பி.எஸ்சி. 3, எம்.எஸ்சி. 2, பிஎச்.டி. 5 அல்லது 6, போஸ்ட்டாக் (பிஎச்.டி.க்குப் பிறகு இன்னொரு லேபில் செய்யும் ஆய்வு) 3 முதல் 5. சொந்த லேப் கையில் வர ஏறக்குறைய 15 வருடம். இதை வீட்டில் இப்போதே சொல்லிவிடுங்கள். பிறகு சொன்னால் சண்டைதான் வரும்.

எம்.எஸ்சி.யில் பயோடெக்னாலஜி, உயிர்வேதியியல், விலங்கியல் எதுவானாலும் பரவாயில்லை. கடைசி செமஸ்டர் புராஜெக்ட்டை மட்டும் செல் கல்ச்சர் (செல்களை உடலுக்கு வெளியே வளர்ப்பது) தினமும் நடக்கிற லேபில் செய்யுங்கள்.

அடுத்தது சிஎஸ்ஐஆர்-நெட், லைஃப் சயின்சஸ். ஆய்வு உதவித்தொகைக்கும் விரிவுரையாளர் தகுதிக்குமான தேசியத் தேர்வு இது. மொத்தம் 200 மதிப்பெண். அதில் பாதி 'சி' பகுதி. 75 கேள்வியில் 25 எழுதினால் போதும், ஒவ்வொன்றுக்கும் 4. நெகட்டிவ் மார்க் உண்டு என்பதால் ஊகித்து எழுதுபவர்கள் இங்கேதான் சறுக்குகிறார்கள். ஜே.ஆர்.எஃப். (ஆய்வு உதவித்தொகை) தேறினால் முதல் 2 வருடம் மாதம் 37,000 ரூபாய், பிறகு 42,000. வீட்டு வாடகைப்படி தனி. விரிவுரையாளர் தகுதி மட்டும் கிடைத்தால் இந்தப் பணம் வராது. டிபிடி (உயிரித் தொழில்நுட்பத் துறை), ஐசிஎம்ஆர் (மருத்துவ ஆராய்ச்சிக் கவுன்சில்) நடத்தும் உதவித்தொகைத் தேர்வுகளையும் சேர்த்தே எழுதுங்கள்.

தேறியதாலேயே பிஎச்.டி. இடம் கிடைத்துவிடாது. டெல்லி என்ஐஐ, புனே என்சிசிஎஸ், நவி மும்பை ஆக்ட்ரெக் போன்ற ஆய்வு நிறுவனங்களில் நேர்காணல் தனி. ஒரு சோதனையைச் சொல்லி "கன்ட்ரோல் (ஒப்பிட்டுப் பார்க்கும் மாதிரி) என்ன வைப்பாய்?" என்று கேட்டால் தடுமாறக் கூடாது. கைடைத் தேர்ந்தெடுக்கும்போது அவருடைய பேப்பர்களை எண்ணுவதைவிட, அவரிடம் முடித்தவர்கள் எத்தனை வருடத்தில் முடித்தார்கள், இப்போது எங்கே இருக்கிறார்கள் என்று விசாரியுங்கள்.

சேர்ந்த முதல் வருடம் கைப்பழக்கத்துக்கு. ரத்தத்திலிருந்து வெள்ளணுக்களைப் பிரிப்பதையே எடுத்துக்கொள்வோம். ரத்தத்தில் அதே அளவு பிபிஎஸ் (உப்புக் கரைசல்) கலந்து, ஃபைக்கால் என்ற அடர்த்தியான திரவத்தின் மேல் டியூபைச் சாய்த்துப் பிடித்து மெதுவாக விட வேண்டும். பிறகு சென்ட்ரிஃபியூஜில் சுழற்ற வேண்டும்: 400 ஜி (புவியீர்ப்பைப் போல் 400 மடங்கு விசை), 30 நிமிடம், அறை வெப்பம், பிரேக் ஆஃப். பிரேக் போட்டால் அடுக்குகள் கலங்கிவிடும். ஃபைக்காலை ஃப்ரிட்ஜிலிருந்து எடுத்து அப்படியே ஊற்றினால் அதன் அடர்த்தி மாறி, பிரிப்பு கெடும். நடுவில் மேகம் போல் நிற்கும் வெள்ளை வளையத்தை மட்டும் எடுங்கள். ஒரு மில்லி ரத்தத்துக்கு 10 முதல் 20 லட்சம் செல் வரும். முந்தின நாள் ரத்தம் என்றால் கிரானுலோசைட்டுகளும் (இங்கே வேண்டாத வேறு வகை வெள்ளணுக்கள்) ஒட்டிக்கொண்டு வரும். அதன் பிறகு டி செல் (புற்றுநோய் செல்லைத் தாக்கும் வெள்ளணு) சோதனையில் வரும் எண்ணை நம்ப முடியாது.

ஃப்ளோ சைட்டோமெட்ரியில் (ஒளிரும் ஆன்டிபாடி ஒட்டிய செல்களை ஒவ்வொன்றாக லேசரில் எண்ணும் முறை) இறந்த செல்லைக் காட்டும் சாயம் இல்லாமல் ஒரு டியூபும் ஓட்டாதீர்கள். இறந்த செல் எந்த ஆன்டிபாடியையும் பிடித்துக்கொள்ளும். பொய்யான பாசிட்டிவை வைத்து ஆறு மாதம் ஓடிவிடும்.

எலியில் சோதிக்கும்போது எந்தப் புற்றுக்கட்டியைத் தேர்ந்தெடுக்கிறோம் என்பதே பாதி முடிவு. டி செல்லுக்குப் பிரேக் போடும் பிடி-1 புரதத்தைத் தடுக்கும் மருந்துக்கு எம்சி38 என்ற குடல் கட்டி நன்றாக மசியும், பி16 என்ற தோல் கட்டி (மெலனோமா) பெரும்பாலும் மசியாது. ஒன்றில் மட்டும் பார்த்துவிட்டு மருந்து வேலை செய்கிறது, செய்யவில்லை என்று எழுதினால் ஆய்விதழுக்காகப் பேப்பரைப் பரிசீலிக்கும் ரிவ்யூவர் விடமாட்டார். விலங்கு நெறிக்குழு அனுமதிக்கு மாதங்கள் ஆகும், விண்ணப்பத்தை முதல் வருடத்திலேயே போடுங்கள்.

போஸ்ட்டாக் எல்லோருக்கும் தேவையில்லை; சொந்த லேபுக்குப் பதில் மருந்து தயாரிப்புப் பக்கமும் போகலாம். 2023 அக்டோபரில் ஐஐடி பாம்பேயும் டாடா மெமோரியலும் சேர்ந்து உருவாக்கிய நெக்ஸ்கார்19 (நோயாளியின் டி செல்லையே மாற்றியமைத்து ரத்தப் புற்றுநோய்க்குத் தரும் சிகிச்சை) அனுமதி பெற்றது. டி செல்லை மருந்தாகத் தயாரிக்கும் வேலை இப்போது இந்தியாவிலேயே நடக்கிறது. அந்தப் பக்கம் போக நினைத்தால் பிஎச்.டி. காலத்திலேயே ஜிஎம்பி (தரமான மருந்து தயாரிப்பு) விதிகளைப் படித்து, லேப் நோட்டில் ரீஏஜென்ட் லாட் எண்ணை (ரசாயனம் தயாரான தொகுதியின் எண்) எழுதப் பழகுங்கள்.