கிட் விமானத்தின் உலோக உடல்: கூடுதல் கைவேலை கெடுக்கும் இடங்கள்

முதன்முதலாகக் கிட் விமானம் (பாகங்களாக வாங்கி நாமே சேர்த்துக் கட்டும் விமானம்) கட்ட இறங்குபவர்களுக்கு, தகடுகளைப் பிணைக்கும் ரிவெட் ஆணி சரியாக உட்காராமல் போய்விடுமோ என்பதுதான் பெரிய பயம். நியாயமான பயம்தான். ஆனால் உடற்பகுதியில் ஒரு தகட்டையே தூக்கிப் போடும் நிலை வருவது பெரும்பாலும் வேலையைக் குறைவாகச் செய்ததால் அல்ல. “இன்னும் கொஞ்சம்” என்று கூடுதலாகக் கை வைத்ததால்.

பிசிறு எடுப்பதையே பார்ப்போம். டிரில் போட்ட துளையின் ஓரத்தில் மெல்லிய பிசிறு நிற்கும். அதை எடுக்காமல் தகடுகளைச் சேர்த்தால் நடுவே இடைவெளி விழும். அடிக்கும்போது ரிவெட் அதற்குள் பிதுங்கும், இறுக்கம் போய்விடும். இதற்குப் பயந்து, வேகமாகச் சுழலும் டிரில்லில் பிசிறு நீக்கும் முனையை மாட்டி அழுத்துபவர்கள் உண்டு. 0.025 அங்குலத் தகட்டில் அப்படிச் செய்தால் துளையின் வாய் சரிந்து, விளிம்பு கத்தி முனைபோல் மெலிந்துவிடும். கையால் லேசாக இரண்டு மூன்று சுற்று போதும். விரலால் தடவினால் எதுவும் தட்டுப்படக் கூடாது, கண்ணுக்குச் சரிவும் தெரியக் கூடாது.

தேய்ப்பதும் இப்படித்தான். பல கிட்களில் வரும் தகடு 2024-டி3 ஆல்கிளாட். வலுவான கலவை உலோகத்தின் இரு முகத்திலும் தூய அலுமினியம் மெல்லிய படலமாக ஒட்டியிருக்கும். மெல்லிய தகடுகளில் ஒரு முகத்துக்கு மொத்தத் தடிமனில் சுமார் 5 சதவீதம். அரிப்பைத் தடுப்பது அந்தப் படலம்தான். ப்ரைமர் (அடிப்பூச்சு) நன்றாகப் பிடிக்கட்டும் என்று முரட்டு உப்புத்தாளைப் போட்டுத் தேய்த்தால் முதலில் போவது அதுவே. கோடு போடப் பென்சிலும் வேண்டாம். கிராஃபைட், ஈரத்தோடு சேர்ந்தால் அலுமினியத்தை அரிக்கும். மெல்லிய நுனி மார்க்கர் போதும்.

அப்புறம், ரிவெட் தலை தகட்டோடு மட்டமாக உட்கார டிம்பிளா (தகட்டை அழுத்திக் குழிப்பது), கவுன்டர்சிங்க்கா (துளையின் வாயைக் கூம்பாகச் சீவுவது) என்ற கேள்வி. 3/32 அங்குலத் தட்டைத் தலை ரிவெட்டுக்கு, தகடு 0.032 அங்குலமாவது இருந்தால்தான் கவுன்டர்சிங்க் பற்றி யோசிக்கலாம். அதைவிட மெல்லியது என்றால் டிம்பிள்தான். மேலே டிம்பிள் போட்ட ஸ்கின் (வெளித்தகடு) வந்து உட்காரும் இடத்தில், அடியில் உள்ள கவுன்டர்சிங்க் வழக்கத்தைவிடச் சற்று ஆழமாக இருக்க வேண்டும். இல்லையென்றால் ஸ்கின் தூக்கிக்கொண்டு நிற்கும். எவ்வளவு ஆழம் என்பதை வீண் தகட்டில் போட்டுப் பாருங்கள், நல்ல பாகத்தில் வேண்டாம்.

சரி, ரிவெட்டுக்கு வருவோம். அடித்து முடித்த பின்பக்கத் தலையின் விட்டம், தண்டின் விட்டத்தைப்போல ஒன்றரை மடங்கு. உயரம் அரை மடங்கு. 3/32 ரிவெட்டுக்கு விட்டம் சுமார் 3.6 மி.மீ., உயரம் 1.2 மி.மீ. இதை அளக்கும் சிறிய கேஜ் எப்போதும் கையில் இருக்கட்டும். ரிவெட் அடிக்கும் கன்னின் காற்றழுத்தத்தைக் குறைத்து வைத்து நீண்ட நேரம் தட்டிக்கொண்டே இருப்பது பாதுகாப்பு என்று தோன்றும். ஆனால் அடி வாங்க வாங்க ரிவெட்டின் உலோகம் இறுகிக்கொண்டே போகும், கடைசியில் மசியவே மசியாது. எடையுள்ள பக்கிங் பாரும் (ரிவெட்டின் பின்பக்கம் தாங்கிப் பிடிக்கும் உலோகக் கட்டி) சில நொடிகளில் முடியும் அழுத்தமும் மேல்.

தலை இம்மி சாய்ந்திருக்கிறது. எடுத்துவிடலாமா? இங்கேதான் அதிகச் சேதம். டிரில் நடுவை விட்டு விலகினால் துளை நீள்வட்டமாகும். இரண்டாவது ரிவெட் முதலாவதைவிட மோசமாக உட்காரும். அளவுக்குள் இருந்தால் விட்டுவிடுங்கள். எடுத்தே ஆகவேண்டும் என்றால், முன்பக்கத் தலையின் நடுவில் உள்ள சிறு குழியில் டிரில்லை வைத்து, தலையின் ஆழத்துக்கு மட்டும் துளையிடுங்கள். பஞ்ச் கம்பியைத் துளைக்குள் விட்டுச் சாய்த்தால் தலை உடைந்து வரும். பின்பக்கத்துக்கு ஒரு மரத்துண்டால் தாங்கு கொடுத்துத் தண்டைத் தட்டி எடுக்கலாம். துளை பெரிதாகிவிட்டதா? என்ஏஎஸ்1097 வகையில் 1/8 அங்குலத் தண்டும் சிறிய தலையும் கொண்ட ரிவெட் இருக்கிறது. கட்டுபவர்கள் அதை “ஊப்ஸ் ரிவெட்” என்கிறார்கள். அதைப் போடும் முன் விளிம்புத் தூரத்தைப் பாருங்கள்: துளையின் மையத்திலிருந்து தகட்டின் ஓரம்வரை ரிவெட் விட்டத்தைப்போல இரு மடங்கு வேண்டும். லாஞ்சரானில் (உடலின் நீளவாக்கில் ஓடும் தாங்கு சட்டம்) துளை ஓரத்துக்கு நகர்ந்துவிட்டால் இந்தக் கணக்கு உதைக்கும்.

வால் பக்கம் ஒருவர் உள்ளே படுத்துக்கொண்டு பாரைப் பிடிப்பார், இன்னொருவர் வெளியே கன்னோடு நிற்பார். உள்ளே இருப்பவர் “ரெடி” சொல்லாமல் டிரிகரைத் தொடவே கூடாது. பார் இல்லாமல் விழுந்த ஓர் அடி ஸ்கின்னில் குழியாக நிற்கும்.

கூடுதலாகச் செய்ய வேண்டிய வேலை ஒன்று உண்டென்றால் அது சரிபார்ப்பு. கிட்டில் துளைகள் பொருந்தியே வருகின்றன, உடலில் முறுக்கல் எங்கிருந்து வரும் என்று நினைக்க வேண்டாம். எல்லாம் கிளீக்கோவில் (தகடுகளைத் தற்காலிகமாகப் பிடிக்கும் கவ்வி) நிற்கும்போதே முன்னும் பின்னும் குறுக்காக மட்டம் வைத்துப் பாருங்கள். அந்த நிலையில் கழற்றித் திருத்தலாம், ஸ்கின் முழுவதும் ரிவெட் ஏறிய பிறகு முடியாது. இடது பாகம், வலது பாகம் என்று அதன் மேலேயே எழுதுங்கள். டிம்பிள் போட்ட பிறகுதான் இரண்டும் இடது என்று பலருக்குத் தெரிகிறது. வரைபடத்தில் “இப்போது ரிவெட் அடிக்காதே” என்று குறித்த துளைகள் பல இருக்கும், அடுத்த பாகம் அங்கேதான் வந்து சேரும். கன்னைக் கையில் எடுப்பதற்கு முன்பே அந்தத் துளைகளின் மேல் கலர் டேப் ஒட்டிவிடுங்கள்.