பவளப்பாறை மேல் நீந்தப் போகிறவர்களுக்கு

மாஸ்க்குக்குள் தண்ணீர் புகுந்துவிட்டால் ஆள் முதலில் தேடுவது கால் ஊன்ற ஓர் இடம். ஆழம் குறைந்த பகுதியில் அந்த இடம் பெரும்பாலும் பவளமாகத்தான் இருக்கும். அதனால் என்னோடு இறங்குகிறவர்களை நேராகப் பவளத்துக்குக் கூட்டிப்போவதில்லை. முதலில் வெறும் மணல் தரை உள்ள இடம். மாஸ்க்கில் நீர் புகுந்தால் நிற்கக் கூடாது, மல்லாந்து மிதந்தபடியே சரிசெய்ய வேண்டும். இது பழகும்வரை அங்கேதான். மிதவைச் சட்டை போட வெட்கப்படுகிறவர்களுக்குத்தான் கூடுதல் நேரம் ஆகும்!

பவளத்தின் மேல் இருப்பது மெல்லிய சதைப்படலம். காலில் மாட்டிய துடுப்பு உரசினால் அது பிய்ந்து, அடியிலுள்ள சுண்ணாம்பு வெள்ளையாகத் தெரியும். அந்தப் புண்ணில் பாசி ஏறும், நோய் தொற்றும். கிளைப் பவளம் ஆண்டுக்குப் பத்து சென்டிமீட்டர் வரை வளரலாம். உருண்டைப் பவளம் ஒன்றிரண்டு சென்டிமீட்டர் வளர்ந்தாலே அதிகம். படுத்த வாக்கில் நீந்துங்கள், கைகளை மார்போடு கட்டிக்கொள்ளுங்கள். துடுப்பால் மணலையும் கிளப்ப வேண்டாம். மேலே படியும் மணலைத் தள்ளப் பவளம் கோழையைச் சுரந்து தன் சக்தியைச் செலவழிக்க வேண்டும்.

படகு ஏறும் முன்பே நங்கூரம் எங்கே போடுவீர்கள் என்று கேளுங்கள். நிலையான மிதவையில் கட்டுவதாகவோ மணலில் போடுவதாகவோ பதில் வராவிட்டால் வேறு படகு பாருங்கள். காற்றுத் திரும்பும்போது நங்கூரச் சங்கிலி தரையையே கூட்டிப் பெருக்கிவிடும்.

சன்ஸ்கிரீன் பற்றித்தான் எல்லோரும் கேட்கிறார்கள். பவளத்துக்குக் கெடுதல் என்று கருதப்படும் ஆக்ஸிபென்சோன், ஆக்டினாக்சேட் என்ற ரசாயனங்கள் கலந்தவற்றின் விற்பனையை ஹவாய் 2021 முதல் தடை செய்தது. முழுக்கை நீச்சல் சட்டை போட்டால் பாதிப் பிரச்சினை தீர்ந்தது. ஆனால் பெரிய கொலையாளி வெப்பம். அது எரிபொருள் புகையால் ஏறுவது, நாம் எதைப் பூசினாலும் நிற்காது. காயமும் கழிவுநீரும் இல்லாத, பாசி மேயும் கிளிமீன்கள் மிஞ்சியிருக்கிற பவளப்பாறை வெப்பத்துக்குப் பிறகு எழுந்துகொள்ள வாய்ப்பு அதிகம். கிளிமீனைத் தட்டில் கேட்காதீர்கள் என்று நான் நச்சரிப்பது அதனால்தான்.

கடல்நீரின் வெப்பம் வழக்கமான கோடை உச்சத்தைவிட ஒரு டிகிரி கூடி நான்கு வாரம் நின்றாலே வெளுப்பு, அதாவது பவளம் நிறமிழப்பது, தொடங்கிவிடும். எட்டு வாரம் ஆனால் சாவு தொடங்கும். உலகளாவிய நான்காவது வெளுப்பு 2024 ஏப்ரலில் அறிவிக்கப்பட்டது. வெளுத்த பவளம் செத்ததல்ல. தனக்கு உணவூட்டும் நுண்பாசியை இழந்து பட்டினி கிடக்கிறது. உற்றுப் பார்த்தால் கண்ணாடி போன்ற சதை தெரியும். செத்ததன் மேல் பாசி மயிர்போல் படர்ந்திருக்கும்.

பார்த்ததைப் பதிவுசெய்யுங்கள். குயின்ஸ்லாந்து பல்கலைக்கழகத்தின் கோரல்வாட்ச் திட்டம் ஒரு வண்ண அட்டை தருகிறது. தொடாமல் பக்கத்தில் பிடித்து, பவளத்தின் மிக வெளிறிய இடத்துக்கும் மிக அடர்ந்த இடத்துக்கும் பொருந்தும் குறியீட்டை எழுதுங்கள். கிளையா, உருண்டையா, தட்டா, மென்பவளமா என்பதையும் தேதியையும் நீரின் வெப்பத்தையும் சேருங்கள். அழகானதாகத் தேடி எடுக்காமல் கண்ணில் பட்டதை எடுங்கள், இல்லாவிட்டால் கணக்கு பொய்யாகும்.

வெளுப்பு பரவிய வாரங்களில் நான் யாரையும் பவளத்தின் மேல் இறக்குவதில்லை. கடல்புல் பக்கம் கூட்டிப்போகிறேன். ஆமை பார்க்க அதுவே நல்ல இடம்.