பழைய அமெரிக்க மருந்து பாட்டில்: வயதைக் கணிப்பதிலும் கழுவுவதிலும் தவிர்க்க வேண்டிய தவறுகள்

பொறித்திருக்கும் வருடத்தை அப்படியே வயதாக எடுத்துக்கொள்வதுதான் அதிகம் நடக்கும் தவறு. அமெரிக்க மருந்துக்கடை அலமாரிகளில் நின்ற, மெல்லிய கண்ணாடித் தகட்டுக்குப் பின்னால் லேபிள் வைத்த பாட்டில்கள் சிலவற்றின் அடியில் வால்டன் என்ற பெயரும் 1862 செப்டம்பர் 23 என்ற தேதியும் இருக்கும். அது காப்புரிமைத் தேதி. பாட்டில் அதற்கு முந்தியதல்ல என்பதற்கு மேல் அது எதையும் சொல்லாது.

அடுத்து அச்சுக்கோடு, அதாவது வார்ப்பு அச்சின் பாதிகள் சேருமிடத்தில் கண்ணாடியில் விழும் கோடு. கோடு கழுத்தில் எவ்வளவு உயரம் ஏறுகிறதோ அவ்வளவு புதிய பாட்டில் என்று ஒரு கணக்கு ஊரெல்லாம் சுற்றுகிறது. அதை நம்ப வேண்டாம். ஊதி முடித்ததும் வாய்க்குள் ஒரு கருவியைச் செருகிச் சுழற்றித்தான் உதட்டை வடிவமைத்தார்கள். அந்தச் சுழற்சியில் கோடு அழிந்துவிடும். ஆகவே கோடு நிற்கும் இடம் கருவி எதுவரை தொட்டது என்பதைத்தான் காட்டுகிறது. நகத்தால் மெதுவாகத் தடவிப் பாருங்கள்: குறுகிய வாயுள்ள பாட்டிலில் கோடு உதட்டின் மேலேறி வாய்விளிம்பையும் கடந்தால் அது இயந்திர வேலை, 20-ஆம் நூற்றாண்டுச் சரக்கு. மைக்கேல் ஓவன்ஸ் ஒஹையோவின் டொலீடோவில் பாட்டில் செய்யும் தானியங்கி இயந்திரத்தை உருவாக்கியது 1903 வாக்கில்தான்.

கோடே இல்லையென்றால் மிகப் பழையது என்று குதிக்கவும் வேண்டாம். உட்புறம் பசை பூசிய அச்சில் சுழற்றி ஊதினாலும் கோடு மறையும். வெளிச்சத்தில் சாய்த்துப் பிடித்தால் உடலைச் சுற்றி மெல்லிய கிடைக்கோடுகள் தெரியும்.

அடிமுத்திரைக்கு லென்ஸ் அவசியம். நியூ ஜெர்சியின் மில்வில்லில் இருந்த கண்ணாடித் தயாரிப்பாளர் விட்டல் டேட்டம் 1901-ல் கூட்டாண்மையிலிருந்து பதிவுபெற்ற கம்பெனியாக மாறியது. 'டபிள்யூ.டி. & கோ.' (W.T. & Co.) என்றால் பொதுவாக அதற்கு முந்தியது; நடுவில் & இல்லாவிட்டால் பிந்தியது. தேய்ந்த எழுத்தில் இந்த ஒரு குறியைத் தவறவிட்டால் கணிப்பே மாறிவிடும்.

அடர்ந்த ஊதா நிறத்துக்குக் கூடுதல் விலை கொடுக்காதீர்கள். கண்ணாடியின் பச்சை சாயலைப் போக்க மாங்கனீஸ் சேர்த்தார்கள். வெயிலில் அது மெல்ல ஊதாவாகும், பெரும்பாலும் வெளிறிய ஊதா. ஆழ்ந்த, சீரான ஊதா என்றால் கதிர்வீச்சில் வைத்து எடுத்ததாக இருக்க வாய்ப்பு அதிகம்.

கழுவுவதற்கு முன் உள்ளே ஏதாவது மிச்சம் இருக்கிறதா என்று பாருங்கள். இருந்தால் திறக்கவோ முகரவோ கூடாது. பாதரச உப்பு, ஸ்ட்ரிக்னின், ஆர்சனிக் போன்ற நஞ்சு எதுவாகவும் இருக்கலாம். காய்ந்துபோன பிக்ரிக் அமிலம் மூடியைத் திருகும் உராய்விலேயே வெடிக்கக்கூடியது. அபாயகரக் கழிவைக் கையாளும் உள்ளூர் அதிகாரிகளை அழைப்பதே வழி. காலி பாட்டிலுக்கு அறைச்சூட்டுத் தண்ணீரும் மென்மையான சோப்பும் போதும். கொதிநீர் விரிசல் விடும். லேபிள் உள்ளதை ஊறவைக்காமல் ஈரத்துணியால் துடையுங்கள், தகட்டின் ஓரத்தில் ஈரம் படாமல். வெண்படலம் ஓரிரவு வினிகரில் ஊறியும் போகாவிட்டால், பெரும்பாலும் கண்ணாடியே அரித்துவிட்டது என்று பொருள். சிலர் உட்புறம் எண்ணெய் தடவி அதை மறைத்து விற்பார்கள். பஞ்சு சுற்றிய குச்சியை உள்ளே விட்டுத் துடைத்துப் பார்த்துவிட்டுக் காசைக் கொடுங்கள்.