காலைக் காபி, நாலரை மணி டீ, மொட்டை மாடி: சிகரெட்டை விடுபவர்கள் சறுக்கும் நேரங்கள்

சிகரெட்டை விட்டு மறுபடி ஆரம்பித்தவர்களிடம் எப்படி ஆரம்பித்தது என்று கேட்டுப் பாருங்கள். தேதி பெரும்பாலும் ஞாபகம் இருக்காது, நேரம் இருக்கும். டீ குடிக்கப் போனபோது, சாப்பிட்டுக் கை கழுவிவிட்டு வெளியே வந்தபோது, ராத்திரி வீட்டில் எல்லாரும் தூங்கிய பிறகு. நான் மூன்று முறை விட்டு மூன்று முறையும் திரும்பியவன், நாலாவது முறைதான் நின்றது. அந்த மூன்றுமே சாயங்காலம் நாலரைக்கும் ஐந்துக்கும் நடுவில், ஒரே டீக்கடை வாசலில் நடந்தவை. அதைக் கவனிக்கவே எனக்குப் பல வருடம் ஆகிவிட்டது, ஏனென்றால் நாள் முழுக்க உறுதியாக இருப்பதைப் பற்றியே யோசித்துக்கொண்டிருந்தேனே தவிர, அந்த அரை மணி நேரம் நான் எங்கே இருப்பேன், கையில் என்ன இருக்கும் என்று ஒரு நாளும் யோசித்ததில்லை.

முதலில் காலை. நிகோடின் உடம்பில் சுமார் 2 மணி நேரத்துக்கு ஒரு தரம் பாதியாகக் குறையும். 7, 8 மணி நேரம் தூங்கி எழுந்தால் மிச்சம் ரொம்பக் கொஞ்சம்தான். அதனால் எழுந்ததும் வரும் ஏக்கம் வெறும் மனப்பழக்கம் இல்லை, உடம்பு நிஜமாகவே கேட்கிறது. எழுந்து எத்தனை நிமிடத்தில் முதல் சிகரெட் என்று மருத்துவர்கள் கேட்பதும் இதற்காகத்தான்: அரை மணிக்குள் என்றால் பிடி இறுக்கம். இங்கேதான் நம்மில் பலர் பெரிய தவறைச் செய்கிறோம். "மத்ததெல்லாம் விட்டுடறேன், காலையில ஒண்ணு மட்டும்" என்று பேரம் பேசுகிறோம். ராத்திரி முழுக்க நிகோடின் இல்லாமல் கிடந்த மூளையில் அந்த முதல் சிகரெட் ஏறுவது போல வேறெதுவும் ஏறாது. ஆக இருப்பதிலேயே வலுவானதை வைத்துக்கொண்டு மற்றவற்றை விடுகிறோம். மதியத்துக்குள் அது தன் கூட்டாளிகளைக் கூட்டிக்கொண்டு வந்துவிடும்.

காலையில் இன்னொரு சங்கடம் உண்டு, வெளியே யாரும் பேசுவதில்லை. தம் அடித்தால்தான் கக்கூஸ் வரும் என்று இருப்பவர்கள் நிறைய. அது பொய்யில்லை, நிகோடின் குடலைத் தூண்டிவிடும், நிறுத்தினால் சில வாரம் மலச்சிக்கல் வரலாம். இதற்காகவே ஐந்தாம் நாள் திரும்பப் பற்றவைத்தவரை எனக்குத் தெரியும். முதல் நாள் ராத்திரியே கீரை, வாழைப்பழம், எழுந்ததும் பெரிய சொம்பு வெந்நீர் என்று ஏற்பாடு செய்துகொண்டால் இந்த ஒரு சாக்கு போய்விடும்.

அப்புறம் காபி. இது எனக்குத் தெரிய வந்தபோது நிஜமாகவே ஆச்சரியப்பட்டேன். சிகரெட் புகையில் இருக்கும் சில ரசாயனங்கள், காபியில் உள்ள கஃபீனை உடைக்கும் கல்லீரல் நொதியை வேகமாக வேலை செய்ய வைக்கின்றன. புகையை நிறுத்திய சில நாட்களில் அந்த வேகம் குறைந்துவிடும். அப்போது நீங்கள் வழக்கமாகக் குடிக்கும் அதே மூன்று காபி ரத்தத்தில் அதிக நேரம் தங்கும். கை நடுக்கம், படபடப்பு, எரிச்சல், தூக்கமின்மை எல்லாம் வரும். நாம் அதையெல்லாம் சிகரெட் இல்லாத குறை என்று நினைத்துக்கொண்டு, ஈடுகட்ட இன்னொரு காபி போடச் சொல்கிறோம்! முதல் சில வாரங்களுக்குக் காபியையும் டீயையும் ஏறக்குறைய பாதியாக்கிப் பாருங்கள். (ஆஸ்துமாவுக்குத் தரும் தியோஃபிலின், மனநோய்க்குத் தரும் க்ளோசபின் போன்ற மருந்துகளுக்கும் இதே கதைதான், சாப்பிடுபவர்கள் சிகரெட்டை நிறுத்தப் போவதை மருத்துவரிடம் சொல்லிவிட வேண்டும்.)

நிகோடின் சூயிங்கம் வாங்கி "எனக்கு வேலை செய்யலைங்க" என்று தூக்கிப் போட்டவர்களில் பாதிப் பேர் அதைத் தப்பாகச் சாப்பிட்டவர்கள் என்றே நினைக்கிறேன். பபிள்கம் மாதிரி தொடர்ந்து மென்றால் நிகோடின் எச்சிலோடு வயிற்றுக்குப் போய் விக்கலும் நெஞ்சு எரிச்சலும்தான் மிச்சம். மெல்ல மென்று, நாக்கில் காரமாகச் சுருக்கென்று தெரிந்ததும் கன்னத்து ஓரமாக ஒதுக்கிவைக்க வேண்டும், சுருக்கு அடங்கியதும் மறுபடி நாலு மெல்லு, இப்படியே ஒரு அரை மணி நேரம். காபியோ ஜூஸோ குடித்த கையோடு போட்டால் வாயில் புளிப்பு ஏறி நிகோடின் சரியாக உள்ளே போகாது, 15 நிமிடமாவது இடைவெளி விடுங்கள். இதைவிடப் பெரிய தவறு, ஏக்கம் உச்சிக்கு ஏறிய பிறகு சூயிங்கத்தைத் தேடுவது. சிகரெட் 10, 20 வினாடியில் மூளைக்குப் போய்விடும், சூயிங்கம் நிதானமாக 20, 30 நிமிடம் எடுத்துக்கொள்ளும். உங்கள் கஷ்ட நேரம் நாலரை என்றால் நாலு மணிக்கே வாயில் போட்டாக வேண்டும். 2 மில்லிகிராம் மருந்துக் கடையில் சீட்டு இல்லாமலே கிடைக்கும். இதய நோய் உள்ளவர்கள், கர்ப்பிணிகள் கேட்டுவிட்டு எடுப்பது நல்லது.

மதியச் சாப்பாட்டுக்குப் பிறகான ஏக்கம் சின்னது, ஆனால் தினமும் தவறாமல் வரும். சாப்பிட்ட இடத்திலேயே உட்கார்ந்திருக்காமல் எழுந்து வாய் கொப்பளித்து, முடிந்தால் பல்லே தேய்த்துவிட்டு, சோம்போ கிராம்போ வாயில் போட்டுக்கொண்டு ஐந்து நிமிடம் நடந்தால் போதும். ஹான்ஸ், மாவா என்று வாயில் போடும் புகையிலைக்கு மட்டும் மாறக் கூடாது. தமிழ்நாட்டில் 2013லிருந்து குட்காவுக்குத் தடை இருந்தும் கேட்டால் கிடைக்கிற நிலைமைதான், ஆனால் அது நிகோடினை வேறு வழியாக ஏற்றுவது, ஏக்கம் அப்படியே இருக்கும், வாய்ப்புற்றுநோய் ஆபத்து கூடுதல். இ-சிகரெட்டும் அப்படித்தான், 2019லிருந்து நாட்டிலேயே விற்கக் கூடாத பொருள்.

சரி, நாலரை மணி. என் கடைக்காரர் நான் கேட்காமலேயே கிளாஸோடு ஒரு ஃபில்டரையும் நீட்டுவார், லைட்டர் நூலில் தொங்கும். முதல் தடவை விட்டபோது "டீ மட்டும் குடிச்சிட்டு வர்றேன்" என்று அதே கூட்டத்தோடு அதே வாசலில் போய் நின்றேன், என்னை நானே சோதிக்கிறேனாம். ஒன்பது நாள் தாங்கியது. இரண்டாவது தடவை நேர்மாறாக, டீக்கே போகாமல் நாற்காலியில் உட்கார்ந்து பல்லைக் கடித்தேன், அது இன்னும் மோசம், எல்லார் மேலும் எரிந்து விழுந்தேன். எனக்குத் தேவைப்பட்டது அந்தப் பத்து நிமிட ஓய்வும் பேச்சும். சிகரெட்டை அதற்கு ஒரு அனுமதிச் சீட்டு மாதிரி வைத்திருந்திருக்கிறேன், அவ்வளவுதான். கடைசியில் கேண்டீனுக்கு உள்ளே குடிக்க ஆரம்பித்தேன். 2008 அக்டோபர் 2லிருந்து பொது இடத்தில் புகைக்கத் தடை என்பதால் உள்ளே யாரும் பற்றவைக்க மாட்டார்கள். கூடவே ஒரு சுண்டலோ கடலைமிட்டாயோ, ஏனென்றால் அந்த நேரத்து ஏக்கத்தில் பாதி பசி. கூட்டாளிகளிடம் சொல்லாமல் ரகசியமாக விடுவதும் தவறுதான். அவர்கள் கெட்ட எண்ணத்தில் நீட்டுவதில்லை, பழக்கத்தில் கை நீளும், "டேய், ஒரு இழுப்பு" என்று.

ராத்திரியில் உடம்பு களைத்திருக்கும், வாதாடத் தெம்பு இருக்காது. அவசரத்துக்கு இருக்கட்டும் என்று பீரோவில் ஒளித்துவைத்த ஒன்று அப்போதுதான் கூப்பிடும். அது தைரியம் தரும் என்பார்கள், என் அனுபவத்தில் மொட்டை மாடிக்குத்தான் வழிகாட்டியது. பத்து மணிக்கு மேல் முடிவெடுக்கும் நிலைமையே வராமல், படுத்துவிடுவது நல்லது. முதல் மாதம் குடியையும் தள்ளி வையுங்கள். இரண்டாவது ரவுண்டில் யாருக்கும் சபதம் ஞாபகம் இருப்பதில்லை.

இன்னொன்று, ஏக்கம் பிடித்தால் புகைக்கும்வரை ஏறிக்கொண்டே போகும் என்று பயப்படுகிறோம். அப்படிப் போகாது. பெரும்பாலும் சில நிமிடத்தில் உச்சம் தொட்டு இறங்கிவிடும். முதல் இரண்டு மூன்று நாள்தான் படுமோசம், இரண்டிலிருந்து நாலு வாரத்தில் உடம்பின் நச்சரிப்பு பெருமளவு அடங்கும். அதற்குப் பிறகு அடிப்பது, அந்த மாதத்தில் வராமல் போன நேரங்கள். ராத்திரி பஸ் டீக்கு நிற்கும் இடம், கல்யாண மண்டபத்துக்குப் பின்பக்கம், எழவு வீட்டில் விடியும்வரை பந்தலில் உட்கார்ந்திருக்கும் ஆண்கள். என் பெரியப்பா இறந்த அன்று, விட்டு எழுபது நாள் ஆகியிருந்தது, பக்கத்தில் இருந்த மாமா ஒன்றும் பேசாமல் ஒன்றை நீட்டினார், நானும் ஒன்றும் பேசாமல் வாங்கிக்கொண்டேன்.

அன்று ஒன்றோடு நின்றது. அதற்கு முந்தைய தடவைகளில் "போச்சு, இனி என்ன" என்று மறுநாளே பாக்கெட் வாங்கியிருக்கிறேன், அந்த "போச்சு" என்கிற சொல்தான் அந்த ஒரு சிகரெட்டை விட எனக்கு அதிக நஷ்டம் தந்தது. இந்த முறை வீட்டுக்கு வந்து நேரத்தை மட்டும் குறித்து வைத்தேன்: அதிகாலை 3.20, பந்தல், மாமா. பதினாறாம் நாள் காரியத்துக்குப் போகும்போது பையில் சூயிங்கம் இருந்தது, மாமாவிடம் முன்னாடியே போன் பண்ணிச் சொல்லியும் விட்டேன். தனியாகச் சமாளிக்க முடியாதவர்களுக்கு 1800-11-2356 என்ற இலவச எண் இருக்கிறது. எங்கேயும் தேட வேண்டாம், சிகரெட் பாக்கெட்டிலேயே அச்சடித்திருப்பார்கள்.